வாயைக் கட்டாத அம்மாதான் காரணமா? அலர்ஜியும் எபிஜெனடிக்ஸும்

ஜூன் 4, காலை. இழையைத் தொடங்கிய கேள்வி

"என் மகனுக்கு மூன்று வயது. பிறந்த நாலாம் மாதமே முழங்கை மடிப்பில் கரப்பான் வந்தது. இரண்டு வயதில் இளைப்பு. இப்போது இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. நேற்று ஒரு காணொளி பார்த்தேன். கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டது, அழுதது, கவலைப்பட்டது எல்லாம் குழந்தையின் ஜீன் மேல் முத்திரையாக விழுந்துவிடுமாம். அதற்குப் பெயர் எபிஜெனடிக்ஸ், எல்லா அலர்ஜிக்கும் அதுதான் வேர், ஏழு தலைமுறைக்கும் போகும் என்றார்கள். கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. நான்தான் காரணமா?"

ஜூன் 4, மாலை

இல்லை. இந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டுத் தூங்கப் போங்கள். மீதியை நாளைக்குப் படிக்கலாம்.

எனக்கு இரட்டைப் பெண்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள், இப்போது பதினோரு வயது. ஒரே வயிறு, ஒரே நஞ்சுக்கொடி. நான் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் இரண்டு பேருக்கும்தான் போனது. பெரியவளுக்கு ஆஸ்துமாவும் தூசிப்பூச்சி அலர்ஜியும் இருக்கின்றன. ஏழு நிமிடம் கழித்துப் பிறந்தவளுக்கு ஒன்றுமே இல்லை. பெரியவள் முதல்முறை மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உறவில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வாயைக் கட்டியிருந்தா பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்குமா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சின்னவள் என் மடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். பதில் என் மடியில்தான் இருந்தது, அப்போது எனக்கு அது தெரியவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லை 1942இல் கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் உருவாக்கினார். நம் உடம்பில் தோல் செல்லிலும் நுரையீரல் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். அப்படியிருக்க ஒன்று தோலாகவும் இன்னொன்று நுரையீரலாகவும் இருப்பது எப்படி? எந்த ஜீனைப் படிக்க வேண்டும், எதைப் படிக்காமல் விட வேண்டும் என்ற குறிகள் செல்லுக்குச் செல் மாறுகின்றன. அந்தக் குறிகளைப் பற்றிய படிப்புதான் இது.

எனக்குப் புரிந்த விதம் இதுதான். 'க' என்று எழுதி மேலே ஒரு புள்ளி வைத்தால் 'க்' ஆகிவிடுகிறது. எழுத்தின் உடம்பு மாறவில்லை, உள்ளே இருந்த உயிரோசை மட்டும் அடங்கிவிட்டது. டி.என்.ஏ.வின் நாலு எழுத்துகளில் ஒன்றான சி மேல் மீத்தைல் என்ற சின்ன அணுக்கூட்டம் வந்து உட்காரும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அது உட்கார்ந்தால் அந்த ஜீனின் குரல் அடங்கும், எழுத்து அப்படியே இருக்கும். புள்ளியை எடுத்தால் உயிர் திரும்ப வரும்.

ஜூன் 4, இரவு

படுத்த பிறகு ஞாபகம் வந்தது, எழுந்து எழுதுகிறேன். மீத்தைல் உட்கார்ந்தாலே ஜீன் அடங்கிவிடும் என்று மாலையில் எழுதியது முழுச் சரி இல்லை. ஜீன் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்தால் பெரும்பாலும் அடங்கும். ஜீனின் நடுவில் இருக்கும் மீத்தைல் பல நேரம் நன்றாக வேலை செய்யும் ஜீன்களில்தான் காணப்படுகிறது. இடத்தைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

இரண்டாவது, மீத்தைல் மட்டுமே குறி இல்லை. ஒவ்வொரு செல்லிலும் சுமார் இரண்டு மீட்டர் டி.என்.ஏ. இருக்கிறது. அது ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அசிட்டைல் என்ற குறி ஹிஸ்டோன் மேல் விழுந்தால் சுற்று தளரும், உள்ளே இருக்கும் ஜீனைப் படிக்க வழி கிடைக்கும். அந்தக் குறியைச் சுரண்டி எடுக்கும் நொதிகளும் உண்டு, அவை வந்தால் சுற்று மறுபடி இறுகும். பெட்டியின் அடியில் இறுக்கி மடித்து வைத்த துணியை உடனே எடுக்க முடியாது, மேலாகத் தளர்த்தி வைத்ததைக் கை நீட்டினால் எடுக்கலாம். இந்த அசிட்டைலைப் பிறகு இன்ஹேலர் பேச்சில் திரும்ப எடுப்பேன், மறக்காதீர்கள்.

ஜூன் 5

"இதெல்லாம் சரி, அலர்ஜிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அலர்ஜி என்ற சொல்லே 1906இல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபோன் பிர்க்கே கொடுத்தது. தூசி, மகரந்தம், வேர்க்கடலை போன்று தீங்கு செய்யாத பொருளை உடம்பு எதிரியாக நினைத்து ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைக்கிறது. அடுத்த முறை அந்தப் பொருள் வரும்போது தும்மல், தடிப்பு, இளைப்பு. இதை நடத்துபவை ரத்தத்தில் இருக்கும் டி செல்கள்.

ஒரு டி செல் முதலில் எந்தப் பக்கமும் சேராமல் இருக்கும். பிறகு வரும் சமிக்ஞைகளைப் பொறுத்து ஒரு பாதையில் இறங்கும். கிருமியோடு மோதும் பாதை டிஎச்1. அலர்ஜிக்கும் குடற்புழுவுக்கும் உரிய பாதை டிஎச்2. அமைதிப்படுத்தும் டி-ரெக் என்று மூன்றாவது ஒன்று உண்டு. டிஎச்2 பாதையில் இறங்கிய செல்லில், ஐந்தாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13 ஜீன்களின் சுற்று தளர்ந்து திறந்துகொள்ளும். ஐஎல்-4 தான் ஐஜிஇ தயாரிக்கச் சொல்லும், ஐஎல்-5 ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களை வளர்க்கும், ஐஎல்-13 மூச்சுக்குழாயில் சளியைக் கூட்டும். அதே செல்லில், டிஎச்1 பாதைக்கு உரிய இன்டர்ஃபெரான்-காமா ஜீனின் மேல் மீத்தைல் ஏறி அது அடங்கிவிடும். செல் இரண்டாகப் பிரியும்போது இந்தக் குறிகளும் பிரதி எடுக்கப்பட்டு இரண்டிலும் போய்ச் சேரும். அதனால்தான் ஒருமுறை தூசிப்பூச்சியை எதிரி என்று பழகிய உடம்பு வருடக்கணக்கில் அதை மறப்பதில்லை.

டி-ரெக் பக்கம் ஃபாக்ஸ்பி3 என்று ஒரு ஜீன். அதன் ஒரு பகுதியில் மீத்தைல் இல்லாமல் இருந்தால்தான் அமைதிப்படுத்தும் செல் நிலையாக நிற்கும். மீத்தைல் ஏறிவிட்டால் அதன் பிடி தளர்ந்துவிடும்.

ஆகவே அலர்ஜி நடக்கும் விதத்துக்குள்ளேயே எபிஜெனடிக்ஸ் இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. காணொளிக்காரர்கள் செய்த தவறு வேறு. இந்தக் குறிகள் ஒரு டி செல் தன் வேலையைக் கற்றுக்கொள்ளும்போது விழுபவை, பிறந்த பிறகும் விழுபவை. எல்லாவற்றையும் கருப்பையில் கொண்டுபோய் வைத்து அம்மாவின் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜூன் 6

கர்ப்பத்தில் எடுக்கும் ஃபோலிக் ஆசிட்டால் குழந்தைக்கு அலர்ஜி வரும் என்று எலியில் காட்டினார்களாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், அப்படி ஒரு எலி ஆய்வு உண்டு. மீத்தைல் குறி செய்ய உடம்புக்கு ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் மாத்திரை தருவது இதைத்தான்), பி12, கோலின் போன்றவை வேண்டும். கர்ப்பமாக இருந்த எலிகளுக்கு இவற்றைக் கூடுதலாகக் கொடுத்தபோது குட்டிகளுக்கு மூச்சுக்குழாய் அலர்ஜி அதிகமாயிற்று என்று 2008இல் ஒரு கட்டுரை வந்தது. அப்போது பரவலாகப் பேசப்பட்டது. எலிக்குக் கொடுத்த அளவு அதிகம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7, விடிகாலை

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும், இது முக்கியம். அந்த 2008 எலிக் கட்டுரை 2016இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதாவது அதை வெளியிட்ட இதழே அது செல்லாது என்று அறிவித்துவிட்டது. பல வருடத்துக்கு முன் படித்ததை அப்படியே எழுதிவிட்டேன். நேற்றே சரிபார்த்திருக்க வேண்டும், மன்னிக்கவும். முந்தைய குறிப்பை அழிக்கவில்லை. இந்தப் பழைய கட்டுரை இன்னும் பல இடங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேறெங்காவது பார்த்தால் இந்தத் திருத்தம் உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும்.

ஃபோலிக் ஆசிட்டை யாரும் நிறுத்தாதீர்கள். கரு உண்டான முதல் நாலு வாரத்துக்குள் குழந்தையின் தண்டுவடக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் வாழ்நாள் ஊனம், சில நேரம் உயிரே போகும். ஏற்கனவே அப்படி ஒரு குழந்தையைச் சுமந்த தாய்மாரிடம் நடத்திய பெரிய ஆய்வு 1991இல் வந்தது. ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அலர்ஜி பயத்தில் அந்த மாத்திரையைத் தள்ளிவைப்பது பெரிய ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவில் எடுங்கள்.

ஜூன் 9

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "அப்போ கர்ப்பத்தில் நடப்பது எதுவுமே பதியாதா?"

பதிகிறது. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று இருக்கிறது, சிகரெட் புகை. 13 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து 6,685 பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் அம்மா புகைபிடித்திருந்தால் குழந்தையின் டி.என்.ஏ.வில் 6,000க்கும் மேற்பட்ட இடங்களில் மீத்தைல் அளவு மாறியிருந்தது. ஏஎச்ஆர்ஆர் என்ற ஜீனில் அந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. புகையின் நச்சை உடம்பு கையாளும் வழியோடு தொடர்புடைய ஜீன் அது. குழந்தை வளர்ந்த பிறகும் அந்தத் தடயம் பாதி அழிந்தும் அழியாமலும் நிற்கிறது. கருவில் புகை பட்ட குழந்தைகளுக்கு இளைப்பு அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் வந்ததுதான். அந்த இளைப்புக்கு இந்த மீத்தைல் மாற்றம்தான் வழியா, இல்லை புகை நுரையீரலின் வளர்ச்சியையே நேராகக் கெடுக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டும் சேர்ந்து நடக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மாட்டேன். புகை என்றதும் அம்மா என்று எழுதுகிறார்கள். வீட்டில் புகைப்பது பெரும்பாலும் யார்? புகைக்காத கர்ப்பிணியின் மூக்குக்குள் போவது யார் விட்ட புகை? வாயைக் கட்டு என்று அவளுக்குச் சொல்பவர்கள் பக்கத்தில் நின்று புகைப்பவரிடம் அதே பேச்சைப் பேசியதை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் அந்த ஏழு தலைமுறை. தெற்குக் கலிஃபோர்னியாவில் 2005இல் வந்த ஒரு ஆய்வில், பாட்டி தன் கர்ப்பத்தில் புகைத்திருந்தால் பேரக்குழந்தைக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. இதை வைத்துத்தான் தலைமுறைப் பேச்சு கிளம்புகிறது. ஆனால் கவனியுங்கள்: ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது, வயிற்றில் இருப்பது பெண் சிசுவானால், அந்தச் சிசுவுக்குள் நாளைய பேரப்பிள்ளைக்கான கருமுட்டைகளும் ஏற்கனவே இருக்கின்றன. பாட்டி விட்ட புகை மூன்று தலைமுறை மேலும் நேராகவே பட்டுவிட்டது. குறி கைமாறிக் கைமாறி வந்தது என்பதற்கு இது சான்று ஆகாது. முட்டையும் விந்தும் உருவாகும்போது ஒருமுறை, கரு உண்டானதும் இன்னொருமுறை என்று மீத்தைல் குறிகளில் பெரும்பகுதி துடைக்கப்படுகின்றன. ஏழு தலைமுறைக்கு அலர்ஜிக் குறி போகிறது என்று மனிதரில் யாரும் காட்டவில்லை.

ஜூன் 10

ஒரு நாளை மட்டும் விரிவாக எழுதுகிறேன். அதை எழுதாமல் மேலே போக முடியவில்லை.

பெண்களுக்கு ஆறு வயது இருக்கும்போது இருவருக்கும் ஸ்கின் பிரிக் டெஸ்ட் என்ற அலர்ஜித் தோல் சோதனை எடுத்தோம். அதற்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மேசைமேல் நாலு முன்கைகள், பெரியவளுடையது இடது பக்கம். நர்ஸ் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, அதன் வழியே சின்ன முனையால் தோலை மெல்லத் தொட்டுக்கொண்டே போனார். ஒரு சொட்டு வெறும் உப்புநீர், ஒரு சொட்டு யாருக்கும் வீக்கம் தரும் ஹிஸ்டமின், மற்றவை தூசிப்பூச்சி, பூஞ்சை, மகரந்தம். பதினைந்து நிமிடம் சொறியக் கூடாது. சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சொறியாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி.

எட்டாவது நிமிடத்தில் இடது பக்கம் தூசிப்பூச்சி இடத்தில் வெளுத்த வீக்கம் எழும்பியது, சுற்றிலும் சிவப்பு. அளந்தபோது ஏழு மில்லிமீட்டர். உப்புநீர் இடத்தைவிட மூன்று மில்லிமீட்டர் அதிகமாக எழும்பினாலே அலர்ஜி இருப்பதாகக் கணக்கு. வலது பக்கம் ஹிஸ்டமின் இடத்தில் மட்டும் வீக்கம், மற்றபடி பேனா மை. ஒரே ஜீன், ஒரே வீடு, ஒரே படுக்கை. அந்த நாலு கைகளைப் பார்த்த பிறகுதான் உறவினர் சொன்ன சொல் எனக்குள்ளிருந்து இறங்கியது.

ஜூன் 10, இரவு

"அப்படியானால் உங்கள் இரட்டையர்களே எபிஜெனடிக்ஸுக்குச் சாட்சி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரே நஞ்சுக்கொடி என்றால் ஒரே பங்கு என்று முதல் நாள் எழுதியதே தவறு. பகிர்வு சமமாக இருக்க வேண்டியதில்லை. பெரியவள் பிறக்கும்போதே முந்நூறு கிராம் குறைவு. அப்புறம் நாலாம் மாதத்தில் மூச்சுக்குழல் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது அவள் மட்டும். ஆன்டிபயாடிக் போனதும் அவள் உடம்பில் மட்டும். இதில் எது எங்கே குறி வைத்தது, எது குறி எதுவும் வைக்காமல் நேராகவே நுரையீரலைப் பாதித்தது, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தற்செயலும் உண்டு. இரண்டு பிள்ளைகளை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது.

நிறையப் பேரை வைத்துப் பார்த்தால் தெரிவது: அமெரிக்காவில் 2000இல் வந்த இரட்டையர் ஆய்வில், ஒருவருக்கு வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் ஒரே கருவில் பிரிந்த இணைக்கும் இருந்தது 64 சதவீதம் ஜோடிகளில். தனித்தனிக் கருவான இரட்டையரில் 7 சதவீதம்தான். ஜீனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. மீதி 36 சதவீதம், ஜீன் மட்டுமே இல்லை என்பதற்குச் சாட்சி. கரப்பானில் ஃபிலாக்ரின் என்ற ஜீனும் இதையே சொல்கிறது. தோலை இறுக்கமாக வைக்கும் புரதம் அது. அதில் வரும் கோளாறு கரப்பானுக்கு வலுவான காரணம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் அந்தக் கோளாறு இருக்கும் எல்லோருக்கும் கரப்பான் வருவதில்லை.

ஜூன் 12

இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான், இதுவரை சுற்றி வளைத்துவிட்டேன்.

ஐரோப்பாவில் பிறப்பிலிருந்தே பின்தொடரப்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் மீத்தைல் குறிகளைப் பார்த்து 2018இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைகளில் 14 இடங்களில் மீத்தைல் குறைவாக இருந்தது. நாலைந்து வயதிலும் இருந்தது, எட்டு வயதிலும் இருந்தது. சரி, பிறந்தபோது? அதே இடங்களைத் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தார்கள். அங்கே அந்த வித்தியாசம் இல்லை.

இதை முதலில் படித்தபோது மறுபடி மறுபடி படித்தேன். குழந்தை அந்தக் குறிகளோடு பிறக்கவில்லை. பிறந்த பிறகு வந்தவை. அதுவும் போக, அந்த வித்தியாசம் பெருமளவு ஈசினோஃபில் அணுக்களிலிருந்து வருகிறது என்றும் பார்த்தார்கள். ரத்தம் பலவகை அணுக்கள் கலந்தது, ஒவ்வொரு வகைக்கும் அதற்கேற்ற குறிகள் உண்டு. அலர்ஜி இருப்பவர் ரத்தத்தில் ஈசினோஃபில் கூடுதலாகவும் கிளர்ந்தும் இருக்கும். அப்போது ரத்தத்தை மொத்தமாக அளந்தால் மீத்தைல் மாறியது போலத்தான் தெரியும்.

அதாவது அந்தக் குறி நோயைக் கொண்டுவந்ததா, நோய் வந்ததால் குறி தெரிகிறதா? வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு நிற்கும். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அந்தக் கோடு சரியாகச் சொல்லும். அந்தக் கோட்டினால் வெள்ளம் வரவில்லை. மீத்தைல் குறிகளில் பல அப்படிப்பட்ட கோடுகளாக இருக்கலாம். சில உண்மையிலேயே கதவாகவும் இருக்கலாம், ஃபாக்ஸ்பி3 போல. எது எது என்று பிரிப்பதுதான் இப்போது ஆராய்ச்சியில் நடக்கும் வேலை. அது முடிவதற்குள் கோட்டைக் காட்டி ஒரு தாயிடம் "நீதான் வெள்ளம்" என்று சொல்வது அநியாயம்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் தலையெழுத்து என்றார். ஈசினோஃபிலின் குறியை வைத்துத் தலையெழுத்து பேச முடியாது ஐயா. அந்த அணு ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாக நிற்பதில்லை.

ஜூன் 15

மாட்டுத் தொழுவத்தோடு வளரும் பிள்ளைகளுக்கு அலர்ஜி குறைவாமே என்ற பேச்சு வந்ததால் இது.

1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 1958இல் பிறந்த 17,414 பிரிட்டிஷ் பிள்ளைகளின் விவரத்தை வைத்து, அண்ணன் அக்கா அதிகம் உள்ள வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு மகரந்தத் தும்மல் குறைவு என்று எழுதினார். அண்ணன்மார் கொண்டுவரும் தொற்றுகள் நன்மை செய்கின்றனவோ என்று கேட்டார். அதற்குப் பிறகு வந்தவற்றில் என்னை ஈர்த்தது அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் மக்களைப் பற்றிய 2016 ஆய்வு. இரண்டுமே மத்திய ஐரோப்பாவிலிருந்து போன விவசாயச் சமூகங்கள், ஜீன் அமைப்பும் நெருக்கம். ஆமிஷ் வீட்டுப் பிள்ளைகள் குதிரை, மாடுகளோடு புழங்குகிறார்கள். ஹட்டரைட் பண்ணைகளில் பெரிய இயந்திரங்கள், பிள்ளைகள் தொழுவத்துக்குள் அதிகம் போவதில்லை. ஆஸ்துமா ஆமிஷ் பிள்ளைகளில் 5.2 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாச் சுவர்ப் பொருளான எண்டோடாக்சின் 6.8 மடங்கு அதிகம்.

இதில் எபிஜெனடிக்ஸ் எங்கே? ஜெர்மானிய ஆய்வாளர்கள் தொழுவத்தில் கிடைக்கும் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவைக் கர்ப்பமான எலிகளின் மூக்கில் விட்டார்கள். குட்டிகளுக்கு ஆஸ்துமா போன்ற அழற்சி குறைந்தது. குட்டிகளின் டி செல்களில் இன்டர்ஃபெரான்-காமா ஜீன் பக்கம் அசிட்டைல் குறி பாதுகாக்கப்பட்டிருந்தது. அந்தக் குறியை மருந்தால் தடுத்தபோது பாதுகாப்பும் போய்விட்டது. 2011இல் வந்தது. கோடா கதவா என்ற கேள்விக்கு இது கதவு என்ற பக்கம் சாட்சி சொல்கிறது, எலியில். தடுத்துப் பார்த்துச் சோதித்ததால்தான் இதற்கு இந்த மதிப்பு.

பச்சைப்பால் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். காய்ச்சாத பாலில் சிறு குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம்.

ஜூன் 16

எச்சில் அனுப்பினால் எபிஜெனடிக் அலர்ஜி அறிக்கை தருவதாக விளம்பரம் வந்ததாம். காசைக் கொடுக்காதீர்கள். எச்சிலில் இருக்கும் செல் வேறு, அலர்ஜி நடத்தும் டி செல் வேறு. ஒரு பிள்ளைக்கு எதனால் அலர்ஜி என்று மீத்தைல் பார்த்துச் சொல்லும் சோதனை மருத்துவத்தில் வழக்கத்தில் இல்லை. விவரமாக விசாரிக்கும் மருத்துவர், தோல் சோதனை, தேவைப்பட்டால் ஐஜிஇ ரத்தச் சோதனை போதும்.

ஜூன் 20

அசிட்டைலைத் திரும்ப எடுப்பேன் என்றேன். "குறி அழியுமா, அழிக்க மருந்து உண்டா" என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

உங்கள் மகன் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அழற்சி ஜீன்கள் அசிட்டைல் ஏறித் தளர்ந்து திறந்துகிடக்கும்போது, ஸ்டீராய்டு எச்டாக்-2 என்ற நொதியை அங்கே அழைத்து வருகிறது. அது அசிட்டைலை எடுத்துவிட, சுற்று இறுகி, அழற்சி ஜீன் அடங்குகிறது. பல பத்தாண்டுகளாகக் கையில் இருக்கும் மருந்து, அது செய்வது இந்த வேலை என்று பிறகுதான் தெரிந்தது. புகைப்பவர்களின் நுரையீரலில் எச்டாக்-2 குறைந்துவிடுகிறது. புகைக்கும் ஆஸ்துமாக்காரருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் சரியாகப் பிடிக்காததற்கு அதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். தியோஃபிலின் என்ற பழைய மருந்தைச் சிறு அளவில் கொடுத்தால் அந்த நொதி மீளும் என்று ஆய்வகத்தில் நம்பிக்கை வந்தது. புகைப்பவர்களுக்கு அதிகம் வரும் சிஓபிடி என்ற நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் பெரிய அளவில் சோதித்து 2018இல் முடிவு வந்தபோது, நோய் முற்றும் தடவைகள் குறையவில்லை. ஆய்வகத்தில் அழகாக இருந்தது ஆளிடம் நடக்கவில்லை.

வேர்க்கடலை அலர்ஜிக்குத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், சகிப்பு வந்தவர்களின் டி-ரெக் செல்களில் ஃபாக்ஸ்பி3 மேல் மீத்தைல் குறைந்திருந்தது. சிகிச்சையை நிறுத்திய பிறகு சகிப்பை இழந்தவர்களில் மீத்தைல் மறுபடி ஏறியது. 2014இல் வந்த சின்ன ஆய்வு. குறி இரண்டு பக்கமும் நகர்கிறது என்று தெரிகிறது. இதை வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

வாயைக் கட்டும் பேச்சுக்கு மறுபடி வருகிறேன். 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றது. சான்று போதாமல் 2008இல் அதைக் கைவிட்டது. 2015இல் லண்டன் மருத்துவர் கிடியன் லாக்கின் குழு, அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. ஐந்து வயதுவரை வேர்க்கடலை தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு அதன் அலர்ஜி வந்தது, சிறு வயதிலேயே சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்குத்தான் வந்தது. எத்தனை தாய்மார் பயந்து பயந்து தள்ளிவைத்தார்கள். கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருக்கும் குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஜூன் 28

கேள்வி கேட்ட தோழி நேற்று எழுதியிருந்தார். இரவு நேரத்து இளைப்பு இன்னும் இருக்கிறதாம், இன்ஹேலரை ஸ்பேசர் என்ற இடைக்குழாய் இல்லாமல் நேராக வாயில் வைத்து அடிக்கிறார்களாம். இந்த இழை முழுவதையும் விட அதுதான் அவசரமான செய்தி. மூன்று வயதில் நேராக அடித்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். முகமூடி வைத்த ஸ்பேசரை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மூக்கும் வாயும் மூடும்படி முகத்தோடு பொருந்தி உட்கார வேண்டும், ஓரத்தில் இடைவெளி இருந்தால் மருந்து வெளியே போய்விடும். புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். ஒருமுறை அழுத்திவிட்டு அவன் ஐந்தாறு மூச்சு சாதாரணமாக விடட்டும். உள்ளே இருக்கும் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும், அதைப் பார்த்து எண்ணலாம். இரண்டாவது அழுத்தத்துக்கு முன் மறுபடி குலுக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லி முகத்தைத் துடைத்துவிடுங்கள். இரவு இளைப்பு ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

என் பெரியவள் இப்போது ஸ்பேசரைத் தானே பிடித்துக்கொள்கிறாள். மருந்தை உள்ளே இழுத்து, மூச்சைப் பத்து நொடி நிறுத்த வேண்டும். இன்று காலையும் சின்னவள்தான் பக்கத்தில் நின்று பத்துவரை எண்ணினாள்.